குசினிக்குள் வந்த ஈரல்

என் பிரியத்துக்குரிய இஞ்சேருங்கோவுக்கு,

உங்கள் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாமலே இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்திவிட்டேன். இப்போது கடிதத்தில் மட்டும் என்ன புதுப்பழக்கம்? நான் சுகம். முறிந்த மணிக்கட்டும் பொருந்திவிட்டது. உங்கள் வீமனும் நல்ல சுகம், அதுதான் இங்கே பிரச்சினை.

நீங்கள் இருந்தவரை அவன் ஒழுங்கான பிள்ளை. விரலை அசைத்தால் படுப்பான். நீங்கள் போன இந்தப் பத்து மாதத்தில் நான் சொல்வது எதுவும் அவன் காதில் ஏறுவதில்லை. தை மாதம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு அணிலைக் கண்டு சங்கிலியோடு என்னை இழுத்தான் பாருங்கள், பியர்பொன்ட்ஸ் தெரு முழுக்கப் பார்க்க நான் பனிக்கட்டியில் குப்புற விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன்.

எங்கள் மகள் நிலானி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அம்மா, உங்களுக்கு நாயெண்டாலே பயம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில தோட்டத்தோட ஒரு குடும்பம் இருக்கு, ஆசையாக் கேக்கினம். குடுத்திடுவம்."

"ஏலாது" என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது என்று நம்ப எனக்கே நேரம் எடுத்தது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். எட்டுக் கிழமை பயிற்சி வகுப்பு. அதற்குள் அவன் திருந்தாவிட்டால் தோட்டத்துக்குப் போய்விடுவான். நாளை மறுநாள், சனிக்கிழமை, முதல் வகுப்பு.

வகுப்பு நடத்தும் பெண் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். நிலானி பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். தட்டையான கழுத்துப் பட்டி, ஆறடிக் கயிறு, ஊசி போட்ட அட்டை, அவன் படுக்க ஒரு சின்ன விரிப்பு. உங்கள் இரும்புச் சங்கிலி கூடவே கூடாதாம். தின்பண்டம் போட்டு இடுப்பில் கட்டும் பையை மட்டும் நான் வாங்கவில்லை. சட்டை தைத்து மிஞ்சிய பச்சைத் துணியில் சுருக்குக் கயிறு வைத்து நானே தைத்தேன். நிலானியை முதன்முதல் பள்ளிக்கூடம் அனுப்பியபோதுகூட நான் இவ்வளவு பதறவில்லை.

தின்பண்டம்தான் இடித்தது. மென்மையாக, கடலைப் பருப்பளவு துண்டுகளாக, நாய் அதற்காக உயிரையே விடும் ஏதாவது வேண்டுமாம். உளுந்து வடை கொடுத்துப் பார்த்தேன், சீஸ் கொடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் மரியாதையாகத் தின்றான். வேலியில் அணில் ஓடியதும் வடையையும் மறந்தான், என்னையும் மறந்தான். அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். ஈரல் அவித்துப் பாருங்கள் என்று, ஏதோ உருளைக்கிழங்கு அவிக்கச் சொல்வதுபோலச் சொன்னார்.

என் குசினியிலா? ஒரு முட்டை நுழைந்ததுண்டா அங்கே?

பக்கத்துக் கடையில் கோயில் ஆட்கள் யாராவது கண்டால் மானம் போய்விடும் என்று, பஸ் பிடித்து, மெட்ரோ பிடித்து, நேற்று ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். இறைச்சிக் கடை வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன், பின்னால் ஒரு குரல்.

"அக்கா, வழி மாறி வந்திட்டியளோ?"

வேறு யார்? மரக்கறிக் கடையில் வேலை செய்யும் உங்கள் கூட்டாளி மோகன்தான்.

"நாய்க்கு" என்றேன், களவில் பிடிபட்டவள்போல.

"ஓம் அக்கா, அண்ணையும் நாய்க்குத்தான் வாங்குவார். ஒவ்வொரு சனியும் ஈரல் வாங்கி, பக்கத்தில எங்கட வீட்டு அடுப்பில அவிச்சு, சின்னச் சின்னனா வெட்டிக்கொண்டு போவார். வீமனை இருத்தி எழுப்பிப் பழக்கினது இந்தக் கார் விடுற இடத்திலதான். அவரும் ரெண்டு ஆட்டிறைச்சி ரோல் சாப்பிட்டு, வாயைக் கொப்பளிச்சுப்போட்டுத்தான் வீட்ட வருவார்."

ஈரல் பொதியை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அவர் விடவில்லை. "வீட்டிலயே அவிக்கலாமோ எண்டு அக்காவிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன் எண்டு நான் சொன்னனான். 'கேட்டா அவ ஓம் எண்டிடுவா, அதாலதான் கேக்கேல்ல' எண்டவர்."

நான் ஓம் என்றிருப்பேனா? சத்தியமாக எனக்குத் தெரியாது. என்னைவிட நல்லவள் ஒருத்தியை நீங்கள் எனக்குள் கண்டு வைத்திருந்திருக்கிறீர்கள். சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போய் ஏன் இவ்வளவு சுணங்குகிறீர்கள் என்று எத்தனை தரம் உங்களோடு சண்டை பிடித்தேன்!

வெள்ளிக்கிழமை பிறக்கமுன் முடித்துவிட வேண்டுமென்று, இன்று காலையே அவித்தேன். ஒரு பழைய சட்டி, யன்னல் எல்லாம் திறந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் கீழே நிலவறையில் படுத்திருந்தவன் மேலே வந்தான். குரைக்கவில்லை, பாயவில்லை. குசினி வாசலில் நின்றுவிட்டான். அந்த வாசலைத் தாண்டக்கூடாது என்று அவனுக்கும் நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்களா?

"வா" என்றேன். வந்து என் காலடியில் இருந்தான்.

ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். என் மணிக்கட்டையே நொறுக்கக்கூடிய வாய் அது. உதட்டால் மட்டும் எடுத்தான். பல் படவேயில்லை! இன்னும் வியப்பு அடங்கவில்லை எனக்கு. இவ்வளவு பலத்தை இவ்வளவு மெதுவாக வைத்திருக்க ஒரு உயிரால் எப்படி முடிகிறது?

அடுத்த துண்டோடு கையைத் தூர நீட்டிப் பிடித்தேன், பட்டியலோடு வந்த தாளில் அப்படிச் செய்து பார்க்கச் சொல்லியிருந்தது. அந்த நேரம் பார்த்து யன்னலுக்கு வெளியே வேலியில் அணில் ஓடியது. அவன் காது நிமிர்ந்தது, உடம்பெல்லாம் உதறியது. அணிலைப் பார்த்தான், ஈரலைப் பார்த்தான், பிறகு இரண்டையும் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்துக்கொண்டு, அப்படியே பார்த்தபடி இருந்தான். ஆசையை அடக்கிக்கொண்டு ஒருவர் என் முகத்தைப் பார்ப்பதை இன்றைக்குத்தான் கண்டேன். இருபத்தாறு வருசமாக என் வீட்டிலேயே அது நடந்திருக்கிறது, நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். அவன் ஈரலைத் தின்றுவிட்டு என் கையை நக்கினான். கழுவ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

எட்டுக் கிழமையும் விடாமல் இவனைக் கூட்டிக்கொண்டு போவேன். தோட்டத்துக் குடும்பம் வேறு நாய் பார்க்கட்டும். ஆனியில் நீங்கள் போய் ஒரு வருசம், ஆட்டைத் திவசம். ஐயர் வந்து சைவமாக எல்லாம் முடித்துப் போகட்டும். அடுத்த நாள் உங்களுக்கென்று, என் குசினியில், என் கையால் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சிப் படைப்பேன். படையலுக்கு வைப்பதை எப்படியும் ருசி பார்க்கக்கூடாது. உப்புக் கூடிக் குறைந்திருந்தால், வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் சாப்பிடாதீர்கள். இந்த முறையாவது சொல்லுங்கோ.

உங்கள் மனைவி,
தவமணி