மேகக்கரை மனைகள்

ஜெகதளா
8 ஜனவரி 2023

அன்பு ஜெஃப்ரி,

உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து புத்தாண்டு கழிந்து வந்து சேர்ந்தது. தபால்காரர் மீது பழி போடாதே. முத்திரையில் தேதியைப் பார்த்துவிட்டேன். கோயம்புத்தூருக்குக் குடிபோய் முப்பது ஆண்டாகியும் உன் சோம்பல் மாறவில்லை. இந்தக் காலத்திலும் கையால் எழுதுகிறாயே, அதற்காக மன்னித்தேன்.

மேகக்கரை எப்படியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். நாம் வைத்த அந்தப் பெயர் உனக்கு இன்னும் நினைவிருப்பதே எனக்குப் பெரிது. நம் அப்பாக்கள் அருவங்காடு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன சனிக்கிழமைகளில், கல்லூரிப் புத்தகங்களோடு நாம் ஏறிப்போன பொன்னுத்துரை அண்ணனின் தேயிலைச் சரிவு அப்படியேதான் இருக்கிறது. மழை விட்ட மறுநாள் காலையில் மேகம் அங்கே கரை ஒதுங்குகிறது. கையில் தேநீர்க் குவளை இருந்தால் அதற்குள்ளும் சற்று இறங்குகிறது.

அண்ணனுக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கும் எஸ்டேட்டில் முதுகு வளைந்து வாங்கிய எண்பது சென்ட்டும் அதிலொரு சின்ன வீடும். மகன் திருப்பூரோடு தங்கிவிட்டான். கொழுந்து கிள்ள ஆளில்லை. விற்றுவிடலாமா என்று என்னிடம் கேட்கிறார். விற்றுவிட்டு எங்கே இருப்பார் என்பதுதான் என் கவலை.

உன் வீட்டம்மா மோனிகாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பாஸ்கர்

கோயம்புத்தூர்
12 பிப்ரவரி 2023

பாஸ்கர்,

உன் கடிதத்தை மோனிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். குவளைக்குள் மேகம் இறங்கிய இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணன் விற்பதாக இருந்தால் நானே வாங்கிக்கொள்கிறேன். வயதான பிறகு அங்கே பக்கத்துப் பக்கத்தில் ஆளுக்கொரு வீடு கட்டுவோம் என்று திட்டம் போட்டோமே, உன் வீட்டுச் சமையலறைகூட நான்தான் வரைந்தேன். அதை நிறைவேற்ற வேண்டாமா?

இதை அவரிடம் படித்துக் காட்டு: பொன்னுத்துரை அண்ணனும் தெய்வம்மா அண்ணியும் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டிலேயே இருப்பார்கள். நானோ என்னைச் சேர்ந்தவர்களோ அவர்களை எழுப்ப மாட்டோம். இது என் கைப்பட எழுதுவது.

மேகக்கரையைப் பற்றி இன்னும் எழுது. காலை, அந்தி, மழைக்காலம், பனிக்காலம் என்று தனித்தனியாக எழுது. இந்த ஊர் வெயிலில் உன் கடிதம்தான் எனக்கு ஊட்டி.

ஜெஃப்ரி

ஜெகதளா
25 ஜூன் 2023

அன்பு ஜெஃப்ரி,

பத்திரப்பதிவு அன்று நீ அவசரமாக இறங்கிப் போய்விட்டாய். அதற்கு முந்தைய நாள் நடந்ததை நீ கேட்க வேண்டும்.

அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து உன் கடிதத்தை வாசித்தேன். அண்ணி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வாசிச்சதெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்தக் காயிதத்தை எங்ககிட்டயே குடுத்துட்டுப் போங்களேன். கப்பல்ல வரக்குள்ள குடுத்ததெல்லாம் இந்த டின்னுலதான் கெடக்கு. காயிதம் இல்லாம எங்களை எங்கயும் நிக்க விட்டதில்ல."

அண்ணன் அதட்டினார். "சும்மா இரு புள்ள. அந்தத் தம்பி இந்த அடுப்புல சோறு தின்ன புள்ளதானே? இவரு வேற சாட்சிக் கையெழுத்துப் போடுறாரு. அப்புறம் என்ன காயிதம்?"

நானும் சிரித்தேன். "ஜெஃப்ரியின் வார்த்தை போதும் அண்ணி" என்று சொல்லிக் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். உன் கடிதம் எதையும் நான் பிறர் கையில் கொடுத்ததில்லை.

சரிவின் மேல் விளிம்பில் யாரோ மஞ்சள் அடித்த கற்களை நட்டிருக்கிறார்கள். கீழே டீக்கடைக் குப்புசாமி கவலையோடு கேட்டார்: "ஏனுங்க சார், குன்னூருக்குள்ள வராமயே ஊட்டிக்குப் போற மாதிரி பைபாஸ் போடறாங்களாமா? அப்புறம் என்ற பன்னை யாருங்க திம்பாங்க?" உனக்கு ஏதாவது தெரியுமா?

நீ கேட்ட மழைக்கால வர்ணனை தனித்தாளில் இருக்கிறது. நான்கு பக்கம் ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்.

அன்புடன்,
பாஸ்கர்

கோயம்புத்தூர்
3 நவம்பர் 2024

பாஸ்கர்,

வேலை நெருக்கடி, சுருக்கமாக எழுதுகிறேன். புறவழிச்சாலைப் பணி தொடங்கிவிட்டதைப் பார்த்திருப்பாய். இனி சமவெளி வண்டிகள் ஊருக்குள் வராது. வண்டி போகிற பக்கம்தான் நிலத்தின் மதிப்பும் போகும். எங்கள் மனை விற்பனை நிறுவனம் இதை 2022-லேயே கணித்துவிட்டது. உன் வீடு பழைய சாலையில் இருக்கிறது. இன்று கேட்கிறவர் அடுத்த ஆண்டு கேட்க மாட்டார். விற்றுவிடு, நானே ஆள் பார்க்கிறேன்.

இன்னொன்று. அண்ணனிடம் பொங்கலுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல். மகன்தான் இருக்கிறானே. நான் சொன்னால் கடுமையாகப் படும். நீ பக்குவமாகச் சொன்னால் கேட்பார்.

ஜெஃப்ரி

ஜெகதளா
6 ஜனவரி 2025

திரு. ஜெஃப்ரி அவர்களுக்கு,

தங்கள் நவம்பர் 3 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. இதற்கு முன் எழுதிய நான்கு பதில்களைக் கிழித்துவிட்டேன். அவற்றில் தங்களை 'நீ' என்று அழைத்திருந்தேன்.

சென்ற வாரம் தெய்வம்மா அண்ணி என் வீட்டுக்கு வந்தார். காலி செய்யச் சொல்லும் தங்கள் நிறுவனத்தின் அறிவிப்பு ஒரு கையில், வழவழப்பான விளம்பரக் கையேடு மறு கையில். அட்டையில் 'மேகக்கரை மனைகள்' என்று பொன்னிற எழுத்து. அண்ணி படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எங்க வாசல்ல டேலியா பூத்திருக்கு பாருங்க தம்பி. வீட்டைத்தான் காணோம்."

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்தேன். "புறவழிச்சாலையிலிருந்து இரண்டே நிமிடம். மழை விட்ட மறுநாள் காலையில் மேகம் இங்கே கரை ஒதுங்குகிறது..." அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. என் மழைக்காலம், என் பனிக்காலம் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் அச்சாகியிருந்தன.

"ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே இருக்கு. யாரு தம்பி எழுதுனது?"

"நான்தான் அண்ணி."

அவர் கையேட்டை என்னிடமிருந்து வாங்கி மூடினார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்: "எங்களைக் கெளப்பவா எழுதுனீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தங்களிடம் இருந்தால் எழுதி அனுப்பலாம்.

சாலை மீது எனக்கு வருத்தமில்லை. மலைக்குச் சாலை வேண்டும். பழைய சாலையில் என் வீடு விலை போகாமலே இருக்கட்டும்; நான் அதில் குடியிருக்கிறேன். சாலை வரும் என்று முன்பே தெரிந்திருந்தும் அதைச் சொல்லாமல், நம் இளமைத் திட்டத்தைக் காட்டி நிலத்தை வாங்கினீர்கள். வாங்கித் தந்தவன் நான். அண்ணன் நம்பியது தங்களை அல்ல, சாட்சியை.

ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 1989 ஜூலையில் தேர்வில் தோற்று, தங்கள் அப்பாவுக்குப் பயந்து மூன்று நாள் ஒளிந்திருந்தது அந்த வீட்டில்தான். நனைந்த சட்டையை அடுப்பருகே உலர்த்தித் தந்தவர் அண்ணி. நான்காம் நாள் அண்ணன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, தங்களைக் கையோடு அழைத்துப்போய் அப்பாவிடம் பேசினார். அங்கே தங்குவதற்குத் தங்களிடம் அவர்கள் எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

அவர்கள் என்னிடம் கேட்டார்கள். அன்று நான் சிரித்துக்கொண்டு மறுத்தேன். நேற்று மாலை மேலே ஏறிப்போய், தங்கள் 2023 பிப்ரவரி 12 கடிதத்தை அண்ணியிடம் ஒப்படைத்தேன். அண்ணி அதை இரண்டாக மடித்து, கப்பல் காகிதங்களுக்கு மேலே டின்னில் வைத்து மூடினார். இன்று காலை குன்னூரில் வழக்கறிஞர் அதன் பிரதியைப் பெற்றுக்கொண்டார். பொங்கல் அன்று அவர்கள் அந்த வீட்டில்தான் பால் பொங்க வைப்பார்கள். தங்கள் ஆட்கள் வந்தால் நானும் அங்கே இருப்பேன்.

தாங்கள் எனக்கு எழுதிய மற்ற கடிதங்கள், முப்பது ஆண்டுக் கடிதங்கள், தனிப் பார்சலில் வருகின்றன. என் கடிதங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவைதான் அச்சில் இருக்கின்றனவே.

பிப்ரவரிக் கடிதத்தின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து தங்களுடையதுதானா என்று சரிபார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ந. விஜயபாஸ்கர்
கிரயப் பத்திரத்தின் முதல் சாட்சி