நெஞ்சுக்குள் ஒரு பென்சில்

4.9.82 சனி

விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு கிழமைதான். கார் மோதலைக் காட்டச் செய்யும் பொம்மையின் நெஞ்சு முடிந்தது: பிளந்த மூங்கிலில் ஆறு சோடி விலா, முதுகுக்குப் பலகை, மேலே பொத்தான் பூட்டிய அண்ணாவின் பழைய சேட். உள்ளே ஒரு பென்சில். நெஞ்சு அமுங்கினால் பின்னால் போகும், திரும்பி வராது. அளக்கலாம்.

கம்பஸில் பட்டத்துக்குப் படித்தபோது நூலகத்தில் பார்த்தெழுதிய குறிப்பை மறுபடி வாசித்தேன். கார் மோதினால் சாரதியின் நெஞ்சு ஸ்டியரிங்கில் அடிபடும். தோலில் கீறல்கூட இராது, உள்ளே விலா முறிந்திருக்கும். அதை முன்கூட்டி அறியத்தான் இரும்பு விலாப் பொம்மைகள். எங்கோ ஓடப்போகிற யாரோ ஒரு சாரதிக்காக எத்தனை பேரின் பொறுமை!

எனக்குத் தெரிந்த சாரதி அண்ணா. தர்மபுரம்–பரந்தன் ஆள் ஏற்றும் ஹயர் கார். பெல்ட் இல்லை.

5.9.82 ஞாயிறு

குளக்கட்டுச் சரிவில் பரிசோதனை. உதவிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர். கைவண்டிலில் கதிரை, பொம்மை, முன்னால் கார் திருத்தும் கராச்சில் கேட்டு வாங்கிய ஸ்டியரிங். கீழே வண்டில் மோதி நிற்க மரக்குற்றி. உருட்டினோம். பென்சில் 2 செ.மீ. மூன்று தடவையும் அதே. சந்தோஷம்.

அண்ணா காரை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஆரடி இந்தத் துரை? என்ர சேட்டோட இருக்கிறார்."

விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"சரி, மற்ற ஆக்கள் எங்க?"

"எந்த ஆக்கள்?"

"தனிய ஆள் போற கார் எந்த ஊரில ஓடுது? எனக்குப் பின்னால நாலு பேர், என்ர சீற்றோட முட்ட நெல்லு மூட்டை. உன்ர துரை காத்து வாங்கிக்கொண்டு போறார்."

பிள்ளைகள் சிரிப்பு. எனக்கு முகம் சுட்டது. குறிப்பில் இருந்த படத்தில் சாரதி மட்டும். அப்படியே செய்துவிட்டேன். தினமும் அந்தக் காரில் போகிறவள் நான். எட்டாம் வகுப்போடு நின்றவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்தார்.

6.9.82 திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் குளக்கட்டு. மூட்டையை அண்ணாவே கொண்டுவந்து கதிரைக்குப் பின்னால் வைத்தார். உருட்டினோம். வண்டில் குற்றியில் நின்றது, மூட்டை நிற்கவில்லை. பென்சில் 5 செ.மீ. மூன்று விலா முறிவு. சேட்டில் ஒரு கிழிசல் இல்லை.

அண்ணா பொத்தானைக் கழற்றி, முறிந்த மூங்கிலைத் தொட்டுப் பார்த்தார். பகிடி இல்லை.

"திருப்பி ஒருக்கா விடு."

"விலா முறிஞ்சு போச்சு அண்ணா."

"அப்ப கட்டு. நான் பிடிச்சுத் தாறன்."

கம்பியால் கட்டினோம். அவர் கட்டியவைதான் இறுக்கமானவை. மறுபடியும் 5. கட்டிய இடங்கள் நின்றன, பக்கத்தில் முறிந்தது.

சீற்றுக்குப் பின்னால் மூட்டை ஏற்றாதேயுங்கோ என்று சொல்ல நினைத்தேன். ஏற்றாவிட்டால் சனம் அடுத்த காருக்குப் போகும், எனக்கும் தெரியும். "சாப்பிட்டனியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு அண்ணா போனார்.

7.9.82 செவ்வாய்

வாங்க வேண்டியவை: பசை, நூல், மூங்கில்.

காலை அண்ணாவின் காரில். சந்தியில் ஒரு அக்கா, நெல் மூட்டையுடன். அண்ணா இறங்கி மூட்டையை மேலே கரியரில் வைத்துக் கட்டினார்.

"ஏன் தம்பி, பின்னுக்கு இடம் கிடக்குத்தானே?"

"கிடக்கட்டும் அக்கா. நீங்களும் அந்தப் பக்கம் இருங்கோ, எனக்கு நேர பின்னால வேண்டாம்."

"ஏன், நான் என்ன பாம்பே, கொத்திப்போட?"

கார் முழுக்கச் சிரிப்பு. அண்ணா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த துண்டுக் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசை, நூல், மூங்கில்.

மூன்றையும் வாங்க மறந்துவிட்டேன்.