அழியாமல் நின்ற சிலுவை

†

பெங்களூர், 12.8.2003

அன்புள்ள அம்மாவுக்கு இனிகோ தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சிறுமலை வளைவுகளில் வாழைத்தார் வேன் ஓட்டுகிற கம்ப்யூட்டர் கேம் ஒன்றை நானே செய்து விற்கப்போவதாகச் சொன்னேனே, அதற்குள் யாரோ முந்திக்கொண்டார்கள். நேற்று ஒரு கடையில் அதே கேம் வேறு பெயரில் இருந்தது. வேனை லாரியாக்கி, வாழைத்தாரைப் பெட்டியாக்கி, மரங்களின் நிறம்வரை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் எதை எழுதினாலும் நாம் மேலே சிலுவை போட்டுத் தொடங்குவோமே, அப்படி ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் நான் போட்ட சின்னச் சிலுவை மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, கவலைப்படாதீர்கள்.

என்னோடு ஒரே அறையில் இருக்கிற, என் கம்ப்யூட்டரிலேயே வேலை பழகிய வடமதுரை சார்லஸ் சனிக்கிழமை ஊருக்கு வருகிறான். "ஏலே, திண்டுக்கல்ல ஒன் வீட்டுக்கும் போய்ட்டு வாரேன். ஏதாச்சும் எடுத்துட்டு வரணுமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். வந்தால் காப்பி போட்டுக் கொடுங்கள். கேமுக்காக நான் படம் வரைந்த நோட்டை மட்டும் கொடுக்காதீர்கள், நானே கேட்டதாக அவன் சொன்னாலும். பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

வேற்றாள் என்றால் அந்தச் சிலுவையை ஏதோ குறி என்று முதலிலேயே அழித்திருப்பான், அம்மா. அழிக்கக் கை வராத ஒருவன்தான் விட்டுவைத்திருக்கிறான்.

நார்த்தங்காய் ஊறுகாயை அவனிடமே கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் கூடவே வையுங்கள். இங்கே சேர்ந்து சாப்பிட எனக்கு அவனைத் தவிர யாரும் இல்லை.

படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

உங்கள் மகன்
இனிகோ