நீயே எடுத்துவைத்த கோடிச் சேலை

இன்று காலை பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் அடித்தது. உன் நினைப்புதான் வந்தது. மகள் கண்ணில் பட்டால் அழுவாள் என்று உன் கோடிச் சேலையை என்னிடம் கொடுத்துவைத்திருந்தாய். என் சேலைகளுக்கு நடுவில் அது இந்த வாசத்தோடுதான் காத்திருந்தது.

எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு கடையில் அதை நாம் எடுத்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கடைக்காரர், "என்ன விசேஷம்?" என்று கேட்டார். நீ அலட்டிக்கொள்ளாமல், "எனக்குத்தான். நான் செத்தா மேல போத்துறதுக்கு. சாயம் போகாதுல்ல?" என்றாய். அந்த மனுஷன் பயந்துபோய், விரித்த சேலையை மடிக்காமலே பையில் திணித்தார்.

ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள் நாம். டாக்டர் கையை விரித்த பிறகு நீ ஓய்ந்து உட்காரவில்லை. வண்டி, பூ, தேவதானம் ஊர்க்காரர்களின் மேளம் எல்லாவற்றுக்கும் நீயே பேசி, முன்கூட்டியே பணமும் கொடுத்தாய். "புருஷனும் போயாச்சு. கொழுந்தன் கைய எதிர்பாத்துக்கிட்டு வாசல்ல கெடக்க மாட்டேன்" என்றாய்.

ஒன்றுதான் உன்னை அரித்தது. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். உனக்கு அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. நாதியற்றவள் என்று ஊர் பேசுமே என்று பயந்தாய்.

"ஏட்டி, நீதான் எனக்குப் பொறந்த வீடு. நீ கொண்டாந்து போடு."

"நான் வேதக்காரி, ஏசுவக் கும்பிடுறவ. உங்க ஆளுக விடுவாகளா?"

"அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு" என்று சிரித்தாய். என்ன ஏற்பாடு என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

நீ போன அன்றைக்குச் சேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு உன் தெருமுனையில் நின்றேன். உன் கொழுந்தன் குறுக்கே வந்தார். "சர்ச்சுக்குப் போற பொம்பள கோடி போடுறதா? நாங்களே ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிடுதோம்" என்றார். திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது மேளக்காரர்களில் பெரியவர் முன்னால் வந்தார். "அண்ணாச்சி, அக்கா முழுப் பணமும் குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி கோடியோட வருவா, அவள மேளத்தோட கூட்டிட்டு வரணும், அதுக்குப் பொறவுதான் என்னத் தூக்க அடிக்கணும்னாக. அக்கா சொல்ல நாங்க மீற மாட்டோம்."

உன் கொழுந்தன் விலகி நின்றார். மேளம் முன்னே போக, நான் தட்டோடு பின்னே நடந்தேன். கோடியை உன் மேல் போர்த்திய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கூடப்பிறந்தவர் இல்லாமல் வளர்ந்தவள்தானே நானும்? ஊர் பார்க்க எனக்கொரு கூடப்பிறந்தாளைத் தந்துவிட்டுப் போனாய். அந்த நன்றியை உன்னிடம் சொல்ல நேரமில்லாமல் போயிற்று.

போன வாரம் உன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தாள். வெற்றிலைத் தட்டைப் பிடித்திருந்தது யார் தெரியுமா? உன் கொழுந்தன்தான். என் முகத்தைப் பார்க்காமலே, "மொதப் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத்தான வைக்கணும்" என்றார்.

உன் மகளுக்குச் சீர்ச் சேலை எடுத்துவந்து, உன் கோடி இருந்த இடத்தில் இன்று வைத்தேன். அதே கடைதான். அதே கடைக்காரர்தான், பழைய பயத்தோடு, "என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல பொறந்தவ மகளுக்குக் கல்யாணம்" என்றேன்.