ஐந்து மணி பஸ்ஸும் முப்பத்திரண்டு பெஞ்சும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அரசாங்கம் கேட்டு உங்கள் குழு எழுதிக் கொடுத்த வட்டார வளர்ச்சித் திட்டம் நம் நூலகத்துக்கு வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் உன் பெயரைப் பார்த்ததும் நூலகரம்மாவிடம் "என் தம்பி" என்று பீற்றிக்கொண்டேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் நிதானமாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்றவர்களாம். அதனால் இது இனி 'அமைதிக் குடியிருப்பு மண்டல'மாம். ஆற்றங்கரையில் முப்பத்திரண்டு பெஞ்ச் போடுவார்களாம். காலை ஐந்து மணி பஸ் வேண்டாமாம், எட்டு மணிக்கு முதல் பஸ் விட்டால் போதுமாம். அட கடவுளே! மீன் பேக்டரியில் ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அந்த ஐந்து மணி பஸ்ஸில் ஒற்றைக்கால் வைக்கக்கூட இடமிருக்காது, நானும் உன் அத்தானும் தினமும் தொங்கிக்கொண்டுதான் போகிறோம்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எதிர்வீட்டுத் தபால்காரரிடம் விசாரித்தேன். அவர் ஓய்வு பெற்றவர், பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார். கணக்கெடுக்க வந்தவர்கள் காலை பத்து மணிக்கு வந்து மாலை நாலு மணிக்குப் போய்விட்டார்களாம். வேலைக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் யார் வீட்டில் இருப்பார்கள்? "ஊருக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. முட்டி வலிக்குது, உட்கார பெஞ்ச் இருந்தா நல்லதுன்னேன். தப்பாம்மா?" என்கிறார், பாவம். அவரைச் சொல்லி என்ன குற்றம்?

பேக்டரி மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார், "பஸ் நின்னுட்டா உங்க ஊர் ஆளுங்களை வச்சுக்க முடியாதும்மா" என்று. நம் ஊரிலிருந்து எண்பத்தாறு பேர் போகிறோம். எங்கள் வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் வேலை போகும். உன் மருமகளுக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். மேற்படிப்புக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று உன்னைத்தான் கேட்கச் சொல்கிறாள். அவளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் இதைச் சொன்னபோது, "அச்சாயிடுச்சுக்கா. இருபதாம் தேதி மந்திரி கையெழுத்துப் போடுறார். இப்பப் போய்த் தப்புன்னு சொன்னா என் தலைதான் உருளும்" என்றாய். புரிகிறது. உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. உன்னை இப்படிச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறேனே என்று இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மேல் கோபமும் இருக்கிறது. உடன்பிறந்தவனிடம் எதற்கு ஒளிவுமறைவு?

ஒன்றை மட்டும் போனில் சொல்ல வாய் வரவில்லை. புத்தகத்தின் கடைசியில் நம் ஊர்ப் படம் இருக்கிறது. மூன்று தடவை தட்டியும் கதவு திறக்காத வீடுகளையெல்லாம் சாம்பல் நிறத்தில் போட்டு 'ஆளில்லாத வீடு' என்று குறித்திருக்கிறீர்கள். நம் தெருவில் மட்டும் பதினொன்று. தெருமுனையிலிருந்து நாலாவதை எண்ணிப் பார், தம்பி. நீ பிறந்த வீடு.

படத்தைச் சரிபார்த்தவர் என்று கீழே உன் பெயர்தான் இருக்கிறது. கவனித்தாயா, கவனிக்கவில்லையா என்று நான் கேட்கப் போவதில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்குத் தாங்காது.

நீ நோய்நொடியில்லாமல், நல்ல பெயரோடு நூறு வருஷம் இருக்க வேண்டும். இருபதாம் தேதிக்குள் உன் மேலதிகாரிகளிடம் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு: அந்த வீட்டில் என் அக்கா இருக்கிறாள் என்று.

உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா