எலியுத் சொன்ன சாட்சி

மலை இல்லம், அத்ஹுந்தாஸ்
பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதல் மாதம் எழுத விடமாட்டார்கள், அதனால்தான் இத்தனை நாள் சத்தமே இல்லை. என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய்.

போதை ஊசியை நிறுத்த இங்கே மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. உடம்பு முறுக்கிப் பிழிந்த நாட்களில் இரண்டு பேர் மாறி மாறிக் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபம் பண்ணினார்கள், கோழிக் கஞ்சி ஊட்டினார்கள். ஒருவன் மேலேயே வாந்தி எடுத்தேன். "பரவால்லடா, போன மாசம் நானும் இப்படித்தான்" என்று சிரித்தான்.

கால் புண் ஆறிவிட்டது. வேலைக்குப் போகிற வழியில் நான் கிடந்த பாலத்தடியில் குந்தி உட்கார்ந்து நீ அதைக் கழுவிக் கட்டுவாய். வலி தாங்காமல் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுவேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கோழிக்கூடு கழுவுகிறேன், சனிக்கிழமைகளில் சிக்னலில் ரொட்டி விற்கிறேன். ஞாயிறுதோறும் போதகர் அனிபால் எங்களை வண்டியில் ஏற்றிச் சபை சபையாக, திருந்திய கதையைச் சாட்சி சொல்லக் கூட்டிப்போகிறார். என் முறையும் வரும். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்று உனக்குத் தெரியும்.

எங்கள் கடிதங்களைப் போதகர் படித்த பிறகுதான் தபாலில் போடுவார். அதனால் அவரைப் பற்றி நல்லதாகவே எழுதுகிறேன், சிரிக்காதே.

உன் அன்புத் தம்பி,
எலியுத்


பிளாயா, போன்ஸே
பிப்ரவரி 15

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிச் சமையற்கூடத்திலேயே பிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, கூடச் சமைக்கிற மிக்தாலியாவிடம் வெங்காயம் என்று பொய் சொன்னேன். அன்று நாங்கள் வெங்காயமே நறுக்கவில்லை.

பின்னறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். ஜூனில் இல்லத்தை விட்டு நீ வரும்போது கட்டிலும் இருக்கும். பேச வராது என்று பயப்படாதே. நடந்ததை நடந்தபடி சொல், போதும். உன் போதகருக்கும் என் வணக்கம், எப்படியும் படிக்கத்தானே போகிறார்.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா நெரைதா


பிளாயா, போன்ஸே
மார்ச் 20

தம்பி எலியுத்துக்கு,

நேற்று அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் சபை நிகழ்ச்சியில் உன் குரல் கேட்டது. "உன் தம்பிடி" என்று மிக்தாலியாதான் சத்தத்தைக் கூட்டினாள். எனக்குப் பெருமையில் கை ஓடவில்லை.

அப்புறம் நீ சொன்னாய், சொந்த அக்கா முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள் என்று. ஒரு வாய் சோறு போடாமல், அழுகின காலோடு தெருவில் விட்டாள் என்று. சபையே விம்மியது. மிக்தாலியா ரேடியோவை அணைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலியுத், என் அடுப்பைத் தூக்கிப்போய் விற்றாயே, அப்போதாவது சாத்தினேனா? நீயாகத்தான் பாலத்தடிக்குப் போனாய். தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாய். அதனால் நான் அங்கே வந்துபோனதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? இன்று கடைக்குப் போனபோதே பேச்சு நின்றுவிட்டது.

பரிசுத்த வாரத்தில் நீங்கள் எங்கள் தெருவுக்கே எழுப்புதல் கூட்டத்துக்கு வருவதாகச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். நானும் வருவேன். அங்கே உள்ளதைச் சொல். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை. அதைச் சொல்ல இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

அக்கா


மலை இல்லம், அத்ஹுந்தாஸ்
ஏப்ரல் 2

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

முதல் தடவை நான் உள்ளதைத்தான் சொன்னேன். நீ வந்தது, கால் கழுவியது, எல்லாம். ஜனங்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரும்பும்போது போதகர் வண்டியில் கேட்டார்: "உன்னக் காப்பாத்துனது ஆண்டவரா, உங்கக்காவா? குழி ஆழமா இருந்தாத்தான் தம்பி, தூக்கிவிட்ட கை தெரியும்."

அடுத்த சபையில் உன்னை விட்டுவிட்டுச் சொன்னேன். அதற்கடுத்ததில் நீ கதவைச் சாத்தியதாகவும் சேர்த்தேன். அந்த இடத்தில்தான் அழுதார்கள். யாரோ ஒரு அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தால் கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறவர்களைத்தானே அக்கா எனக்குத் தெரியும்? அதன் பிறகு அந்தக் கதவை எடுக்க மனசு வரவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது போல இருக்கிறது.

உன் கடிதத்தைப் போதகர் படித்தார், கோபப்படவில்லை. உன்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னார். வா அக்கா. உன்னைப் பற்றிச் சொல்வேன், சத்தியம்.

ஆண்டவரின் பணியில்,
எலியுத்


பிளாயா, போன்ஸே
ஏப்ரல் 22

எலியுத்துக்கு,

நீ மேடை ஏறியபோது உன் கன்னத்தில் சதை பிடித்திருந்ததைப் பார்த்தேன். இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. நல்ல உடுப்பு உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தெரு முழுக்க வந்திருந்தது, மிக்தாலியா எனக்குப் பின்னால் இருந்தாள்.

கதவைச் சாத்திய கதை வரைக்கும் வந்து பேச்சை நிறுத்தினாய். இதோ சொல்லப்போகிறான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ என்னைக் கை நீட்டிக் காட்டினாய். "அந்த அக்கா இதோ உக்காந்திருக்காங்க. ஆண்டவர் என்னை மன்னிச்ச மாதிரி நானும் இவங்களை மன்னிச்சுட்டேன்" என்றாய்.

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். போதகர் என் முழங்கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார். மைக் உன் கையில் இருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு காதோடு சொன்னாய்: "கொஞ்சம் அழு அக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

அழுதேன். உனக்கு வேண்டியதும் அதுதானே.

ஊசியில் கிடந்தபோது நீ திருடினாய், பொய் சொன்னாய். இது என் தம்பி இல்லை, ஊசி பேசுகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அன்று மேடையில் எந்த ஊசியும் பேசவில்லை. குளித்து, தலைவாரி, தெளிந்த புத்தியோடு நீதான் பேசினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உயிரோடு இருக்கிறாய், தேறிவிட்டாய், அதுவே போதும் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். போதவில்லை. இதையும் உன் போதகர் படிப்பார், நன்றாகப் படிக்கட்டும்.

ஜூனில் இங்கே வராதே. பூட்டை மாற்றிவிட்டேன், பின்னறைக்கும் ஆள் வைத்துவிட்டேன். இனி எந்தச் சபையிலும் தைரியமாகச் சொல்லிக்கொள், அக்கா கதவைச் சாத்தினாள் என்று. இன்றிலிருந்து அது உண்மை.

நெரைதா