களத்துல நின்ன புலவரம்மா

ஞாயிறு, மாசி பத்து.

கூட்டுக் கிணத்துல மோட்டார் போடுற முறைக்காக நானும் என் ஓரகத்தி மல்லிகாவும் மூணு வருசமாப் பேச்சு இல்ல. இன்னைக்கு அரும்பாவூர்க்காரர் களத்துல கூலிக்கு வெங்காயத் தாள் அரிஞ்சோம். அவ ஒரு மூலை, நான் ஒரு மூலை.

பத்தாவது படிக்கிற என் மக தேன்மொழி வந்து நடுவுல நின்னா. ரெண்டு ராசா சண்டையை ஒரு புலவர் நடுவுல போய் நிறுத்துனாருன்னு பாடத்துல படிச்சாளாம். "சித்தி, ஒரு நாள் நீங்க, ஒரு நாள் அம்மா மோட்டார் போடுங்க"ன்னா.

என் வாய் சும்மா இருக்குமா? "வந்துட்டாங்க புலவரம்மா! கணக்குல பதினெட்டு மார்க்கு. பரிசா ஒரு படி வெங்காயம் போட்டு அனுப்புங்கடி"ன்னேன். களமே சிரிச்சுது. புள்ளைக்கு அழுகை வந்துருச்சு. மல்லிகா விடல. "மூக்கத் தொடைச்சுட்டுப் பாடுங்க புலவரே"ன்னா. நான் சிரிச்ச சிரிப்புல எந்திரிச்சுப் போய் மல்லிகா தோளையே பிடிச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் மல்லிகா வாசல்ல வந்து, "நாளைக்கு நீயே மோட்டார் போட்டுக்கக்கா"ன்னா.

"சண்டை தீந்துருச்சுடி"ன்னு தேன்மொழிகிட்ட சொன்னேன். சோறும் திங்கல, சுவத்தப் பாத்துப் படுத்தவ திரும்பவும் இல்ல.

இப்ப எனக்கும் என் மகளுக்கும் நடுவுல யாரை அனுப்புறது?